பச்சை மைக் கையெழுத்து

மதிப்பெண் பட்டியலின் ஜெராக்ஸ் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கெஜட்டட் ஆபீசரைத் தேடி அலைந்த அனுபவம் நாற்பது வயதைத் தாண்டிய இந்தியர்கள் பலருக்கு உண்டு. பிரதி உண்மையானதுதான் என்று அதன் சொந்தக்காரர் சொன்னால் போதாது. அவரை முன்பின் பார்த்திராத ஓர் அதிகாரி பச்சை மையில் கையெழுத்திட்டு, வட்ட முத்திரை குத்த வேண்டும். சொந்தக்காரரே கையெழுத்திடும் சுய சான்றொப்பம் போதும் என்று 2014-ல் மத்திய அரசு அமைச்சகங்களையும் மாநிலங்களையும் வலியுறுத்தியது. குடிமகனின் சொல்லை முதலில் நம்பலாம், பொய் என்று தெரிந்தால் பிறகு தண்டிக்கலாம் என்பது அதன் பின்னிருந்த எண்ணம்.

காகிதத்தில் இப்படி. கம்ப்யூட்டரில் நடந்ததோ நேர் எதிர். அங்கே முதலில் இருந்தது சுய சான்றொப்பம்தான். புதிதாக ஒரு பிரிண்டரையோ ஸ்கேனரையோ இணைக்கும்போது, அதை இயக்கும் புரோகிராமை உள்ளே விடலாமா என்பதை மெஷினின் சொந்தக்காரர் முடிவு செய்தார். இன்று பெரும்பாலான விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அந்த முடிவு அவர் கையில் இல்லை. அமெரிக்காவில் ரெட்மண்டில் உள்ள மைக்ரோசாஃப்ட் தலைமையகத்திலிருந்து பச்சை மைக் கையெழுத்து வந்தாக வேண்டும். அது வராத கருவிகளை வைத்திருப்பவர்கள் சொந்தக் கையெழுத்தைப் போட்டு உள்ளே விட வழி தேடுகிறார்கள். வழி இருக்கிறது. ஆனால் அதில் இறங்குவதற்கு முன் இந்தக் கையெழுத்து எதற்காக வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஒலி அட்டையோ, வை-ஃபை அட்டையோ, ஸ்கேனரோ, ஒவ்வொரு கருவிக்கும் தனி பாஷை. அந்த பாஷையும் தெரிந்து, கம்ப்யூட்டரின் பாஷையும் தெரிந்த ஒரு சிறிய புரோகிராம் நடுவில் நிற்க வேண்டும். அதுதான் டிவைஸ் டிரைவர். பெயர் டிரைவர் என்றாலும் அதன் வேலை வண்டி ஓட்டுவதல்ல. கம்பெனி துரைக்கும் உள்ளூர் வியாபாரிக்கும் நடுவில் நின்ற துபாஷியின் வேலை. துபாஷிகள் கையில் எவ்வளவு அதிகாரம் சேர முடியும் என்பதற்குப் புதுச்சேரியில் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பே சாட்சி. டிரைவர் விஷயமும் அப்படித்தான்.

விண்டோஸும் லினக்ஸும் கம்ப்யூட்டரை இரண்டு கட்டுகள் கொண்ட வீடாகப் பிரித்து வைத்திருக்கின்றன. கடிதம் தட்டும் புரோகிராமும், வலைத்தளம் பார்க்கும் பிரவுசரும் முன்கட்டில். நினைவகத்தையும் டிஸ்க்கையும் நேரடியாக ஆளும் கெர்னல் உள்கட்டில். முன்கட்டில் ஒரு புரோகிராம் தடுமாறினால் அது மட்டும் விழும். உள்கட்டில் தடுமாறினால் மொத்த மெஷினும் நீலத் திரையைக் காட்டிவிட்டு விழும். பெரும்பாலான டிரைவர்கள் குடியிருப்பது உள்கட்டில். அங்கே இருந்துகொண்டு எந்த ஃபைலையும் படிக்கலாம்; தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் ஒட்டுக் கேட்கலாம்; வைரஸ் தடுப்பு புரோகிராமின் கண்ணையே கட்டிவிடலாம். டிரைவரை எழுதுவது மைக்ரோசாஃப்ட் அல்ல, பெரும்பாலும் கருவியைத் தயாரித்த வேறொரு கம்பெனி. விண்டோஸ் எக்ஸ்பியில் பதிவான தோல்விகளில் 85 சதவீதத்துக்கு டிரைவர்களே காரணம் என்று 2003-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். பழி விண்டோஸுக்கு, பிழை விருந்தாளியுடையது.

எக்ஸ்பி காலத்தில் இதற்கிருந்த ஒரே தடுப்பு ஓர் எச்சரிக்கைப் பெட்டி. இந்தக் கருவியின் சாஃப்ட்வேர் மைக்ரோசாஃப்டின் பரிசோதனையில் தேறவில்லை என்று அது சொல்லும். கீழேயே ‘இருந்தாலும் தொடரவும்’ என்று ஒரு பட்டன். அதை அமுக்குமாறு கருவிகளோடு வந்த கையேடுகளிலேயே அச்சடித்திருந்தார்கள். எச்சரிக்கை சடங்காகிப்போனது.

அந்த பட்டனை அமுக்கும் வாய்ப்புகூட இல்லாமல் எது எது உள்ளே போக முடியும் என்பதை 2005 காட்டியது. சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசை சிடிகள் சிலவற்றைக் கம்ப்யூட்டரில் போட்டால், பிரதி எடுப்பதைத் தடுக்கும் புரோகிராம் ஒன்று குடியேறியது. ஒரு குறிப்பிட்ட எழுத்துக் கோவையில் பெயர் தொடங்கும் எல்லா ஃபைல்களையும் அதன் டிரைவர் கண்ணிலிருந்து மறைத்தது. மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் தன் மெஷினிலேயே அதைக் கண்டுபிடித்து எழுதியபோது பெரும் சர்ச்சை வெடித்தது. வைரஸ்காரர்கள் தங்கள் ஃபைல்களுக்கும் அதே எழுத்துக் கோவையில் பெயர் வைத்து இலவசமாக ஒளிந்துகொண்டார்கள். சிடிகள் திரும்பப் பெறப்பட்டன. பாட்டுக் கேட்க உட்கார்ந்தவருக்கு உள்கட்டின் கதவு திறந்ததே தெரியாது.

2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்த விஸ்டாவின் 64-பிட் பதிப்பில் மைக்ரோசாஃப்ட் அந்த பட்டனை எடுத்துவிட்டது. கையெழுத்தில்லாத டிரைவருக்குக் கெர்னலில் இடமில்லை. ஆனாலும் அப்போது விதி கொஞ்சம் தளர்வு. அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் நிறுவனம் ஒன்றிடம் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கியவர் தன் டிரைவருக்குத் தானே கையெழுத்திடலாம். 2016-ல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு அதையும் இறுக்கியது. புதிதாக நிறுவப்பட்டு, செக்யூர் பூட் என்ற காவல் ஏற்பாடு இயங்கும் மெஷின்களில், புதிய கெர்னல் டிரைவர் மைக்ரோசாஃப்டின் தளம் வழியாகச் சென்று மைக்ரோசாஃப்டின் கையெழுத்தைப் பெற்றாக வேண்டும். அந்தத் தளத்தில் கணக்குத் தொடங்க உயர் ரகச் சான்றிதழ் தேவை. வருடத்துக்குச் சில நூறு டாலர் செலவு. பொதுவாகப் பதிவு செய்த நிறுவனமாகவும் இருக்க வேண்டும். பொழுதுபோக்காக டிரைவர் எழுதும் கல்லூரி மாணவருக்கு அங்கே நாற்காலி இல்லை.

இந்தக் கையெழுத்துக்குப் பேனா கிடையாது, கணக்குதான். டிரைவர் ஃபைலிலுள்ள ஒவ்வொரு பிட்டையும் சேர்த்து அரைத்து, கைரேகை போல ஓர் எண் எடுக்கப்படுகிறது. ஃபைலில் ஒரு கமா மாறினாலும் கைரேகை அடியோடு மாறிவிடும். அந்த எண்ணை வெளியிடுபவரின் ரகசியச் சாவியால் பூட்டுவதுதான் கையெழுத்து. அதற்கு ஜோடியான பொதுச் சாவி எல்லோரிடமும் இருக்கும். அதைக் கொண்டு யாரும் சரிபார்க்கலாம். ரகசியச் சாவி இல்லாமல் அதே கையெழுத்தைப் போட முடியாது. ஜிஎஸ்டி கணக்கையும் கம்பெனி விவரங்களையும் தாக்கல் செய்ய ஆடிட்டர்கள் யுஎஸ்பி டோக்கன் ஒன்றைச் செருகுவார்கள். அதற்குள் இருப்பதும் இப்படி ஒரு சாவிதான். இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 அதற்குச் சட்ட அந்தஸ்து கொடுத்திருக்கிறது.

கையெழுத்து சொல்வது இரண்டே விஷயம். இந்த ஃபைல் இன்னாரிடமிருந்து வந்தது. வழியில் யாரும் இதைத் தொடவில்லை. ஃபைல் நல்லதா கெட்டதா என்பது பற்றி அதற்கு அபிப்பிராயமில்லை. கெஜட்டட் ஆபீசரின் பச்சை மை, மதிப்பெண் பட்டியலின் பிரதிக்குத்தான் சாட்சி. பையன் கெட்டிக்காரனா என்பதற்கு அல்ல.

இந்தக் கட்டுப்பாட்டில் முதலில் அடிபட்டது திருடர்கள் அல்ல, பழைய கருவிகள். டில்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, சென்னை ரிச்சி தெரு, பெங்களூர் எஸ்.பி. ரோடு ஆகிய இடங்களில் கைமாறும் பழைய ஸ்கேனர்களுக்கும், ஒலிப்பதிவுக் கருவிகளுக்கும் உடலில் குறையிருக்காது. விளக்கு எரியும், மோட்டார் ஓடும். தயாரித்த கம்பெனி புது மாடல் விற்பதில் மும்முரமாக இருக்கும். அல்லது கம்பெனியே இருக்காது. பழைய டிரைவருக்குப் புதுக் கையெழுத்து வாங்கித் தர அதற்கு லாபமில்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-ல் 32-பிட் பதிப்பே கிடையாது. 32-பிட் கெர்னலுக்காக எழுதப்பட்ட டிரைவரை எந்தக் கையெழுத்தும் 64-பிட் மெஷினில் ஓட வைக்காது, மொழியே வேறு. ஆனால் 64-பிட்டில் ஒழுங்காக எழுதப்பட்டு, கையெழுத்து மட்டும் இல்லாத டிரைவர்களும் உண்டு. அந்தக் கருவிகள் குப்பைக்குப் போவது காகிதக் காரணத்துக்காக மட்டுமே.

பச்சை மை இருந்தால் ஆபத்து இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால், இந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். சம்பவங்கள் அப்படிச் சொல்லவில்லை.

2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட், ஈரானில் நதான்ஸிலுள்ள யுரேனியச் செறிவூட்டல் இயந்திரங்களைக் குறிவைத்தது. அதன் டிரைவர்கள் கள்ளத்தனமாக ஜன்னல் வழியாக நுழையவில்லை. முறையான கையெழுத்தோடு வாசல் வழியாக நுழைந்தன. ஒன்றில் இருந்தது ரியல்டெக் நிறுவனத்தின் கையெழுத்து, பிறகு அகப்பட்ட ஒன்றில் ஜேமைக்ரான் நிறுவனத்தின் கையெழுத்து. இரண்டுக்கும் தைவானின் சின்ச்சூ அறிவியல் பூங்காவில் அலுவலகம் உண்டு. அவற்றின் ரகசியச் சாவிகள் களவு போயிருந்தன என்பதே நிபுணர்களின் முடிவு. ஈரானுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்தபடியாக அதிகக் கம்ப்யூட்டர்களில் அது பரவியதாக சைமன்டெக் கணக்கிட்ட நாடு இந்தியா.

சாவி திருட்டுப் போகாமலும் தவறு நடக்கும். 2021-ல் நெட்ஃபில்டர் என்ற டிரைவரை ஜெர்மனியின் ஜி டேட்டா நிறுவனம் ஆராய்ந்தது. அது தீய நோக்கத்தோடு எழுதப்பட்டது. சீனாவிலுள்ள சர்வர்களோடு பேசிக்கொண்டிருந்தது. அதில் இருந்தது திருட்டுக் கையெழுத்து அல்ல, மைக்ரோசாஃப்டின் சொந்தக் கையெழுத்து. பரிசீலனை வரிசையில் நின்று, தேறி, முத்திரை வாங்கிப் போயிருந்தது. மைக்ரோசாஃப்ட் அதை ஒப்புக்கொண்டது. சான்றிதழ் கொடுக்கும் அலுவலகமே தடுமாறிய கதை இந்தியாவிலும் உண்டு. 2014 ஜூலையில், தேசியத் தகவலியல் மையத்தின் சான்றிதழ் பிரிவிலிருந்து கூகுளின் இணைய முகவரிகளுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளியேறியிருப்பதை கூகுள் கண்டுபிடித்தது. அவை டிரைவர்களுக்கானவை அல்ல, வலைத்தளங்களுக்கானவை; ஆனால் நம்பிக்கைச் சங்கிலி ஒரே மாதிரியானது. சுய சான்றொப்பம் போதும் என்று அரசு சொன்ன அதே வருடம்.

மூன்றாவது வகை இன்னும் விசித்திரமானது. தாய்பலகைகள் தயாரிக்கும் கிகாபைட் நிறுவனத்தின் ஒரு டிரைவரில் ஓட்டை இருப்பது 2018-ல் வெளியானது. டிரைவர் நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டது, கையெழுத்தும் செல்லும். ராபின்ஹூட் என்ற பிணைப்பணக் கும்பல் பாதிக்கப்பட்டவரின் மெஷினுக்கு அந்த டிரைவரைத் தானே கொண்டுவந்து நிறுவி, அதன் ஓட்டை வழியாக உள்கட்டுக்குள் புகுந்து, காவல் புரோகிராம்களைக் கொன்றதாக 2020-ல் சோஃபோஸ் நிறுவனம் விவரித்தது. இப்படிப்பட்ட டிரைவர்களின் தடைப்பட்டியல் ஒன்றை விண்டோஸ் 11-ன் 2022 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் தானாகவே இயங்கும்படி வைத்திருக்கிறது. பச்சை மை போட்ட அலுவலகமே, போட்ட கையெழுத்துகளில் எவை செல்லாது என்று பட்டியல் ஒட்ட வேண்டியதாயிற்று.

2024 ஜூலை 19 அன்று நடந்ததில் வில்லன்கூட இல்லை. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் டிரைவர் எல்லாக் கையெழுத்துகளும் பெற்றது. அது படிக்கும் ஒரு தகவல் ஃபைல் பிழையோடு போய்ச் சேர்ந்தது. மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

ஆக, அதிகாரியின் கையெழுத்து தேவையான காவல்தான். போதுமான காவல் அல்ல. அப்படியென்றால், தன் மெஷினுக்குத் தானே பொறுப்பேற்கத் தயாராக இருக்கும் சொந்தக்காரருக்கும் ஒரு பேனா கொடுக்க வேண்டாமா? இந்த இடத்தில்தான் சுய கையெழுத்து வருகிறது.

விண்டோஸில் இதற்கு அகலமான பாதை ஒன்றும், குறுகலான பாதை ஒன்றும் இருக்கின்றன. அகலமானது ‘டெஸ்ட் மோட்’. டிரைவர் எழுதுபவர்கள் சோதித்துப் பார்ப்பதற்காக உள்ள ஏற்பாடு. செக்யூர் பூட்டை அணைத்து, ஒரு கட்டளையைத் தட்டி, மெஷினை மறுபடி இயக்கினால், திரையின் வலது கீழ் மூலையில் அந்தப் பெயர் எப்போதும் தெரிந்துகொண்டிருக்கும். அதன் பிறகு வீட்டில் தயாரித்த சான்றிதழால் கையெழுத்திட்ட டிரைவர் கெர்னலுக்குள் போகும். சிக்கல் என்னவென்றால், சொந்தக்காரரின் டிரைவருக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. யார் தயாரித்த சோதனைக் கையெழுத்துக்கும் அது திறக்கும். ஒரு விருந்தாளிக்காக வாட்ச்மேனையே வீட்டுக்கு அனுப்பிவிட்ட மாதிரி. ஒரே ஒரு முறை சரிபார்ப்பை நிறுத்திவைத்து மெஷினைத் துவக்கும் வசதியும் உண்டு. அடுத்த முறை துவக்கும்போது அது காலாவதி.

குறுகலான பாதை கெட்டிக்காரத்தனமானது. டிரைவர் என்பது பெரும்பாலும் ஒரே ஃபைல் அல்ல, ஒரு மூட்டை. கெர்னலுக்குள் போகும் ஃபைல் ஒன்று. எந்தெந்தக் கருவிக்கு அதைப் பொருத்தலாம் என்று பட்டியலிடும் ஃபைல் இன்னொன்று. மூட்டை முழுவதற்குமான கைரேகைகளும் கையெழுத்தும் கொண்ட ஃபைல் மூன்றாவது. பட்டியலில் ஒரு கருவியின் எண்ணைச் சேர்த்தாலே மூன்றாவது ஃபைலின் கையெழுத்து செல்லாததாகிவிடும். அதை மட்டும் சொந்தச் சான்றிதழால் மறுபடி கையெழுத்திட்டு, அந்தச் சான்றிதழை மெஷினின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துவிடலாம். கெர்னலுக்குள் போகும் ஃபைலில் ஏற்கெனவே செல்லுபடியாகும் கையெழுத்து பதிந்திருந்தால் வேலை முடிந்தது. ஸாடிக் என்ற இலவசப் புரோகிராம் யுஎஸ்பி கருவிகளுக்கு இதைத்தான் செய்கிறது. உள்ளே போவது மைக்ரோசாஃப்டின் டிரைவர். அந்தக் கருவிக்கு அதைப் பொருத்தும் காகிதத்தில் மட்டும் சுய கையெழுத்து. வேலை முடிந்ததும் ரகசியச் சாவியை ஸாடிக் அழித்துவிடுகிறது. இந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

சாவியைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு சென்ஹைசர் ஹெட்போன் நிறுவனத்தின் அனுபவம் உதாரணம். அதன் ஹெட்செட் சாஃப்ட்வேர் ஒன்று வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களில் ஒரு மூலச் சான்றிதழை நிறுவியது. அதன் ரகசியச் சாவியும் கூடவே வந்து சேர்ந்தது. எல்லா மெஷினிலும் ஒரே சாவி. அதைத் தோண்டி எடுத்த எவரும், அந்த சாஃப்ட்வேர் உள்ள கம்ப்யூட்டர்களில் எந்த வலைத்தளத்தின் பெயரிலும் ஆள்மாறாட்டம் செய்யலாம் என்று 2018-ல் ஜெர்மனியின் செகோர்வோ நிறுவனம் காட்டியது. பூட்டை மாட்டிவிட்டு சாவியை அதிலேயே தொங்கவிட்ட கதை.

சுய கையெழுத்துக்கு ஒழுங்கான வாசல் கட்டிவைத்திருப்பது லினக்ஸ்தான். செக்யூர் பூட் பரவத் தொடங்கிய 2012-ல், லினக்ஸ் துவங்குவதற்காக மேத்யூ காரெட் உருவாக்கிய ‘ஷிம்’ என்ற சிறு புரோகிராம் வந்தது. சூஸே நிறுவனத்தார் அதில் ஒரு யோசனையைச் சேர்த்தார்கள். அதன் பெயரே ஒரு பிரகடனம்: மெஷின் ஓனர் கீ, அதாவது மெஷின் உரிமையாளரின் சாவி. சுருக்கமாக மோக்.

நடைமுறை இதுதான். உரிமையாளர் தன் கம்ப்யூட்டரில் ஒரு ஜோடிச் சாவி தயாரிக்கிறார். பொதுச் சாவியைச் சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பம் போடுகிறார். ஒரு முறை மட்டும் பயன்படும் பாஸ்வேர்டு ஒன்றையும் கொடுக்கிறார். மெஷினை மறுபடி துவக்கினால், லினக்ஸ் எழுவதற்கு முன்பே ஒரு நீலத் திரை வரும். இது விபத்தல்ல, விசாரணை. பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டி, சாவியைச் சேர்க்கச் சம்மதம் சொல்லி, பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டால் மறுபடி விண்ணப்பம். இதன் நோக்கம் எளிமையானது. தூர தேசத்தில் உட்கார்ந்திருக்கும் திருடனால் அந்த விசையைத் தட்ட முடியாது. கீபோர்டுக்கு முன்னால் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் நேரில் வந்து கையெழுத்திடும் பத்திரப் பதிவு போல. அதன் பிறகு அவருடைய சாவியால் கையெழுத்திட்ட டிரைவர்கள் மட்டும் உள்ளே போகும். செக்யூர் பூட் அணைக்கப்படவில்லை, வாட்ச்மேன் வாசலிலேயே இருக்கிறார்.

இங்கேயும் பலவீனம் சாவியை வைக்கும் இடத்தில்தான். கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் வெளியார் டிரைவரைப் புதிதாகத் தொகுத்துக் கையெழுத்திட வேண்டும். இந்த அலுப்பைப் போக்க உபுண்டு போன்ற பதிப்புகள் ரகசியச் சாவியை டிஸ்க்கிலேயே வைத்துக்கொண்டு, கேட்காமலே கையெழுத்திடுகின்றன. வசதிதான். ஆனால் மெஷினில் நிர்வாகி அதிகாரத்தைக் கைப்பற்றிய வைரஸ் அதே சாவியை எடுத்துத் தன் டிரைவருக்கும் கையெழுத்திட்டுக்கொள்ளலாம். அந்தச் சாவி டிரைவர்களுக்கு மட்டுமே செல்லும், மெஷினைத் துவக்கும் புரோகிராமுக்குச் செல்லாது என்று உபுண்டு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஜாக்கிரதைக்காரர்கள் சாவிக்கு பாஸ்வேர்டு போட்டு ஒரு பென் டிரைவில் எடுத்துப் பீரோவில் வைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எடுத்துவர வேண்டும். பாதுகாப்பின் விலை அந்த நடை.

இதிலுள்ள முரணை லினக்ஸ்காரர்கள் அறிந்தே இருக்கிறார்கள். உரிமையாளரின் சாவியை ஏற்கும் ஷிம்முக்கே மைக்ரோசாஃப்டின் கையெழுத்து வேண்டும். கடையில் வாங்கும் கம்ப்யூட்டர்கள் பிறக்கும்போதே நம்பக் கற்றிருப்பது அந்தக் கையெழுத்தைத்தான். மெஷினின் அடித்தளத்திலேயே தன் சொந்தச் சாவிகளை மாற்றிப் பதித்துவிடும் விவரமானவர்களும் உண்டு. பல கம்ப்யூட்டர்களில் அதற்கு இடமிருக்கிறது. எல்லாவற்றிலும் இருந்ததில்லை. 2012-ல் விண்டோஸ் ஆர்டி டேப்லெட்டுகள் வந்தபோது, செக்யூர் பூட்டை அணைக்கும் வசதியை உரிமையாளருக்குத் தரக் கூடாது என்பது மைக்ரோசாஃப்டின் நிபந்தனையாக இருந்தது. காசு கொடுத்து வாங்கியவர் வாடகைக்காரர் ஆனார்.

இந்தச் சண்டை ஆரம்பித்ததே ஒரு பிரிண்டரில்தான். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை அறிவுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் வரும்படி பழைய பிரிண்டரின் புரோகிராமைத் திருத்தியிருந்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். புதியதற்கு மூல நிரல் தரப்படவில்லை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்த ஒருவரிடம் கேட்டார். தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதாக அவர் மறுத்துவிட்டார். 1983-ல் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்துக்கு அந்த மறுப்பும் ஒரு காரணம். தன் பிரிண்டரைத் தானே திருத்தும் உரிமை என்று அன்று தொடங்கியது, தன் டிரைவருக்குத் தானே கையெழுத்திடும் உரிமை என்று இன்று தொடர்கிறது.

உரிமை சரி. ஆனால் வெளியாரின் டிரைவருக்குச் சொந்தக் கையெழுத்துப் போடுவது என்பது என்ன? மதிப்பெண் பட்டியலில் சொந்தக்காரர் போடுவது அவருடைய சொந்த மார்க்குக்கு. டிரைவரை எழுதியதோ வேறு யாரோ. எனவே இது சுய சான்றொப்பத்தைவிட ஜாமீன் கையெழுத்துக்குத்தான் நெருக்கம். வீட்டுப் பெரியவர்கள் எதற்கு வேண்டுமானாலும் சம்மதிப்பார்கள், இதற்கு மட்டும் யோசிப்பார்கள். கடன் வாங்கியவன் ஓடிப்போனால் வங்கி வந்து நிற்பது ஜாமீன் போட்டவர் வாசலில்.

பெரியவர்கள் ஜாமீன் போடுவதற்கு முன் கேட்கும் கேள்விகளே இங்கும் பொருந்தும். ஆள் யார்? டிரைவர் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்தோ, யாரும் படித்துப் பார்க்கக்கூடிய மூல நிரலிலிருந்தோ வந்ததா, அல்லது பெயர் தெரியாத தளத்தில் ‘எல்லா டிரைவரும் இலவசம்’ என்று கிடந்ததா? வேறு வழி உண்டா? அதே பழைய ஸ்கேனர் லினக்ஸில் எந்த வெளி டிரைவரும் இல்லாமல் ஓடிவிடுவது அபூர்வமல்ல. எவ்வளவுக்கு ஜாமீன்? வங்கிக் கணக்கு பார்க்கும் மெஷினில் டெஸ்ட் மோடைத் திறந்து வைப்பதைவிட, நெட் இணைப்பே இல்லாத பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஸ்கேனருக்காக ஒதுக்குவது மலிவு. வேலை முடிந்தபின் சாவி எங்கே? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருப்பவர் கையெழுத்திடலாம். பதில் இல்லாதவர் பச்சை மைக்காகக் காத்திருப்பதே உத்தமம்.

சுய சான்றொப்பம் கேட்கும் அரசுப் படிவங்களின் அடியில் ஓர் உறுதிமொழி இருக்கும். மேற்கண்டவை உண்மை, தவறானால் நானே பொறுப்பு என்று அது சொல்லும். பலர் அதைப் படிக்காமல் கையெழுத்திடுவார்கள். கம்ப்யூட்டரின் நீலத் திரை அந்த வரியைக் காட்டுவதில்லை. சாவியைச் சேர்க்கலாமா என்று மட்டும் கேட்டுவிட்டு, பத்து விநாடிகளை எண்ணத் தொடங்குகிறது.